வடக்கு ரோனாவில் கடல்நாய்கள் குறைவது ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இது: “ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆளில்லாத தீவான வடக்கு ரோனாவில் சாம்பல் கடல்நாய்கள் பல பத்தாண்டுகளாகக் குறைந்துவருகின்றன என்று படித்தேன். ஆனால் பிரிட்டன் முழுவதும் அவை பெருகிவிட்டன என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? மனிதர்கள் இல்லாத தீவுகளில் இவற்றை எப்படி எண்ணுகிறார்கள்? தாய் விட்டுப்போன குட்டி பிழைக்குமா?”

இரண்டு செய்தியும் உண்மைதான். ஒரு தீவில் நாம் எண்ணுவது அந்தத் தீவுக்குப் பிள்ளை பெற வந்த தாய்களை. அந்த இனத்தில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பது வேறு கேள்வி. இந்த விலங்கு ஆண்டின் பெரும்பகுதியைக் கடலில் கழிக்கிறது. நிலத்தை அது முக்கியமாகத் தேடுவது குட்டி போடவும், இணை சேரவும், பழைய ரோமத்தை உதிர்க்கவும். அதிலும் ஒரு தாய்க்குக் குட்டியோடு கரையில் கழியும் காலம் பதினெட்டு நாள்தான். அந்தப் பதினெட்டு நாளுக்கு எந்த இடம் தோதாக இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தீவுகள் நிறைகின்றன, காலியாகின்றன. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை சொல்ல அந்தப் பதினெட்டு நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் விலங்கைத் தெரிந்துகொள்வோம். இதன் அறிவியல் பெயர் ஹாலிகோரஸ் கிரைபஸ்; வளைந்த மூக்குடைய கடல்பன்றி என்று பொருள். வளர்ந்த ஆணின் நீண்டு புடைத்த மூக்கைப் பார்த்தவர்களுக்குப் பெயரின் பின்பாதி புரியும். முன்பாதி இவ்வளவு அழகான விலங்குக்கு அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆண் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம் வளரும், முந்நூறு கிலோவைத் தொடும். கனடா பக்கத்து ஆண்கள் அதையும் தாண்டும். பெண் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர் நீளம், நூற்றைம்பது முதல் இருநூறு கிலோ எடை. பிரிட்டன் மண்ணில் பிறக்கும் காட்டுப் பாலூட்டிகளில் இதைவிடப் பெரியது இல்லை. ஆண் சுமார் இருபத்தைந்து ஆண்டு வாழும், பெண் முப்பத்தைந்து ஆண்டுவரை. அதே கடற்கரைகளில் வாழும் துறைமுகக் கடல்நாயிலிருந்து இதைப் பிரித்தறிய மூக்குத் துளைகளைப் பார்த்தால் போதும். துறைமுகக் கடல்நாய்க்கு இரண்டு துளைகளும் கீழே நெருங்கி ஒன்றையொன்று தொடுவதுபோல் இருக்கும்; சாம்பல் கடல்நாய்க்கு அவை விலகி, ஏறக்குறைய இணைகோடுகளாக நிற்கும். முகமும் தட்டையாக இல்லாமல் குதிரை முகம்போல் நீண்டிருக்கும்.

வட அட்லாண்டிக்கின் இருபுறமும் பால்டிக் கடலிலும் மட்டுமே இவை உண்டு. கனடாவையும் அமெரிக்காவையும் ஒட்டிய கூட்டம் ஒன்று. ஐஸ்லாந்து, ஃபாரோ, நார்வே, பிரிட்டன், அயர்லாந்து என்று பரவியிருக்கும் கூட்டம் இன்னொன்று. பால்டிக் கடலுக்குள் தனியாக வாழும் கூட்டம் மூன்றாவது. பால்டிக்கில் இவை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடற்பனியின் மேல் குட்டி போடுகின்றன. பனி சரியாக உறையாத ஆண்டுகளில் தீவுகளில் நெருக்கியடித்துக்கொண்டு பெற வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டுக் குட்டிகள் எடை குறைந்து தவிக்கின்றன.

பிரிட்டனைச் சுற்றி ஒரு விந்தையான ஒழுங்கு உண்டு. தென்மேற்கு முனையில் ஆகஸ்ட் கடைசியிலேயே குட்டிகள் பிறக்கத் தொடங்கும். வேல்ஸில் செப்டம்பர், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும், வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் அக்டோபர் கடைசியும் நவம்பரும், கிழக்குக் கரை மணல்திட்டுகளில் நவம்பர், டிசம்பர் என்று கடிகார முள் சுற்றுவதுபோல் பிறப்புக் காலம் தீவை வலம் வருகிறது. கனடாவின் சேபிள் தீவில் அது டிசம்பரிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை நீளும்.

இனி அந்தப் பதினெட்டு நாள். குட்டி பிறக்கும்போது பதினான்கு கிலோ இருக்கும். உடம்பு முழுக்க நீண்ட வெள்ளை ரோமம். தோலுக்கு அடியில் கொழுப்பு என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. தாய் அதை முகர்ந்து மணத்தையும், கேட்டுக் குரலையும் மனத்தில் பதித்துக்கொள்கிறாள். நஞ்சுக்கொடிக்காகக் கடற்காகங்கள் சூழ்ந்துகொள்ளும். குட்டியை அண்டவிடாமல் அவள் துடுப்பால் அடித்து விரட்டுவாள். பிறகு பால். பசும்பாலில் கொழுப்பு நான்கு சதவீதம் அளவுக்கு இருக்கிறதென்றால் இந்தப் பாலில் ஐம்பது, அறுபது சதவீதம். கையில் எடுத்தால் வழியாது, குழம்பாக நிற்கும். குட்டி நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ ஏறும். பதினெட்டாம் நாள் நாற்பது, நாற்பத்தைந்து கிலோவில், உருளைபோல் உருண்டு கிடக்கும்.

அந்த எடை முழுக்கத் தாயின் உடம்பிலிருந்து வருகிறது. பால் கொடுக்கும் நாள்களில் பெரும்பாலான தாய்கள் இரை தேடுவதே இல்லை. கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் கடலில் தேடிச் சேர்த்த கொழுப்பைக் கரைத்துக் குட்டிக்கு ஊட்டுகிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் நான்கு கிலோ இழக்கிறாள். முடிவில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. வந்தபோது உருண்டு திரண்டிருந்தவள் இடுப்பெலும்பு தெரியக் கடலுக்குத் திரும்புகிறாள். அவள் குட்டியை விட்டுப் போவதைப் பார்த்து இரக்கமில்லாதவள் என்று நினைப்பவர்கள் உண்டு. கொடுக்க இருந்ததையெல்லாம் கொடுத்து முடித்தபிறகுதான் அவள் போகிறாள்.

போவதற்கு முன் இணை சேர்கிறாள். கரு உருவாகிறது, ஆனால் உடனே வளர்வதில்லை. ஒரு சிறு அணுக்கூட்டமாகவே கருப்பையில் மிதந்தபடி மூன்று மாதத்துக்கும் மேல் காத்திருக்கிறது. தாய் கடலில் உண்டு தேறி, ரோமமும் உதிர்த்து முடித்த பிறகுதான் அது கருப்பைச் சுவரில் பதிந்து வளரத் தொடங்கும். உண்மையான வளர்ச்சி சுமார் எட்டு மாதம். காத்திருப்பையும் சேர்த்தால் ஆண்டு ஒன்று நிறைந்து, அடுத்த குட்டி ஏறத்தாழ அதே வாரத்தில் பிறக்கிறது. நிலத்துக்கு வரும் ஒரே வாய்ப்பில் பிரசவமும் இணைசேர்தலும் இரண்டுமே முடிந்துவிட வேண்டும் என்ற நெருக்கடிக்கு உடம்பு கண்ட வழி இது. பெண் நான்கைந்து வயதில் தாயாகிறாள். பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு குட்டி.

ஆண்கள் கதை வேறு. ஆறு வயதில் பருவம் அடைந்தாலும் பத்து வயதை நெருங்கும்வரை கரையில் இடம் பிடிக்க முடிவதில்லை. இடம் பிடித்தவன் ஒன்றரை, இரண்டு மாதம்கூட உண்ணாமல் அங்கேயே கிடப்பான்; கடலுக்குள் போனால் இடம் பறிபோகும். கழுத்தில் தழும்பு மேல் தழும்பு. ஆனாலும் அவன் நினைப்பதுபோல் எல்லாக் குட்டியும் அவன் குட்டி அல்ல. 1990களில் வடக்கு ரோனாவில் தாய்களிடமும் குட்டிகளிடமும் மரபணு மாதிரி எடுத்துப் பார்த்தபோது, அங்கே அதிகாரம் செலுத்திய ஆண்கள் பல குட்டிகளுக்குத் தந்தை அல்ல என்று தெரியவந்தது. அதைவிட வியப்பானது, வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகளில் ஒரே தந்தையுடையவை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன.

இப்போது தீவுக்கு வருவோம். இந்தப் பதினெட்டு நாளில் ஒரு தாய்க்கு வேண்டியவை மூன்று. நிலத்தில் ஓநாயோ கரடியோ மனிதனோ தொந்தரவு செய்யக் கூடாது. புயல் அலை எட்டாத உயரத்தில் குட்டியைக் கிடத்த இடம் வேண்டும். மூன்றாவது, நன்னீரோ உப்புநீரோ, பக்கத்தில் ஒரு குட்டை. கடைசியாகச் சொன்னதைப் பலரும் யோசிப்பதில்லை. குளிர்ந்த கடலுக்காகக் கொழுப்புப் போர்வை போர்த்திய உடம்பு, கரையில் கிடக்கும்போது சுலபமாகச் சூடேறிவிடுகிறது. குட்டையில் இறங்கி உடம்பை ஆற்றிக்கொள்ள வேண்டும், சில சமயம் குடிக்கவும் வேண்டும். வடக்கு ரோனாவில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்தவர்கள் இதைத் தெளிவாகக் கண்டார்கள்: குட்டைக்குப் பக்கத்து இடங்களுக்கே போட்டி அதிகம். மழை குறைந்த ஆண்டுகளில் தாய்கள் தண்ணீர் தேடி அலைகிறார்கள். அலையும் பெண்களை ஒரே ஆணால் காவல் காக்க முடியாது, ஆகவே வேறு பல ஆண்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. வானத்திலிருந்து விழும் மழை அடுத்த ஆண்டுக் குட்டிக்குத் தந்தை யார் என்பதைத் தொடுகிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என் மனத்தை விட்டு அகலாத செய்தி இது.

வடக்கு ரோனா, ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஒன்றான லூயிஸின் வடமுனையிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் தள்ளி, திறந்த அட்லாண்டிக்கில் தனித்து நிற்கும் நூறு ஹெக்டேர் சொச்சப் புல்தரை. ஒரு காலத்தில் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எப்படியோ எலிகள் கரையேறித் தானியத்தைத் தின்று தீர்த்தன. சில மாதங்களில் அங்கே இறங்கிய கப்பல்காரர்கள் இருந்த ஒரே காளையையும் கொண்டுபோனார்கள். உதவி வருவதற்குள் அத்தனை பேரும் பட்டினியால் மடிந்தார்கள். மார்பில் குழந்தையோடு பாறையோரம் இறந்துகிடந்த தாயைப் பற்றி அக்காலத்துப் பயணி மார்ட்டின் மார்ட்டின் எழுதிவைத்திருக்கிறார். பிறகும் சிலர் குடியேறினார்கள். 1844க்குப் பின் நிலையாக யாரும் இல்லை. மனிதர்கள் விட்டுப்போன அந்த மேட்டுப் புல்வெளியில், பழைய வயல்களின் வரப்புகளுக்கு நடுவே, கடல்நாய்கள் குட்டி போட்டன. 1938இல் உயிரியலாளர் ஃபிரேசர் டார்லிங் மனைவியோடும் மகனோடும் அங்கே போய்த் தங்கி, குளிர்காலத்தின் வாயிலில் அவற்றின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பதிவு செய்தார். அன்றைக்கு உலகில் தெரிந்த மிகப்பெரிய சாம்பல் கடல்நாய்க் கூட்டங்களில் அது ஒன்று.

1960களில் ஆண்டுக்குச் சுமார் இரண்டாயிரம் குட்டிகள் அங்கே பிறந்தன. இன்று சில நூறு. அங்கே யாரும் அவற்றை வேட்டையாடவில்லை. நோய் வந்து கூட்டத்தோடு சாகவும் இல்லை. காரணத்தின் பெரும்பகுதி தாய்களின் பழக்கத்தில் இருக்கிறது. ஒரு தாய் ஆண்டுதோறும் அதே தீவுக்கு, அதிலும் முந்தைய ஆண்டு குட்டி போட்ட இடத்திலிருந்து சில பத்து மீட்டர் தூரத்துக்குள்ளேயே திரும்பி வருகிறாள். இந்தப் பிடிவாதம் வலுவானது. ஆகவே முதியவர்கள் இறக்கும்வரை தீவு நிறைந்தே தெரியும். ஆனால் முதல் குட்டி போடும் இளம் பெண் எங்கே போகிறாள் என்பதில்தான் தீவின் எதிர்காலம் இருக்கிறது. வடக்கு ரோனாவில் கடலிலிருந்து மேட்டுக்கு ஏற ஒடுக்கமான சில வழிகள் மட்டுமே. அந்த வழிகளிலும் குட்டையோரங்களிலும் ஏற்கெனவே இடம் பிடித்த தாய்கள் கடித்துத் துரத்துவார்கள். தெற்கே அகன்ற மணற்கரையுள்ள தீவுகள் ஆளில்லாமல் கிடக்கும்போது ஓர் இளந்தாய் இந்தச் செங்குத்தில் வந்து மோத வேண்டிய தேவை இல்லை. மூத்தவர்கள் மறைகிறார்கள், இளையவர்கள் வருவதில்லை. கூட்டம் சுருங்குகிறது.

வேறிடத்தில் என்ன நடந்தது என்பதற்கு மோனாக் தீவுகளே சாட்சி. மேற்குத் தீவுகளில் இன்னொன்றான வட யூயிஸ்டுக்கு மேற்கே, கடல்மட்டத்தை ஒட்டியே கிடக்கும் மணலும் புல்லுமான தாழ்ந்த தீவுகள். அங்கே பல நூற்றாண்டுகள் குடியிருப்பு இருந்தது. 1864இல் கலங்கரை விளக்கமும் எழுந்தது. 1940களின் தொடக்கத்தில் விளக்கும் அணைந்தது, கடைசிக் குடும்பங்களும் கிளம்பின. கடல்நாய்கள் உடனே வந்து நிரப்பிவிடவில்லை. 1960களில்கூட அங்கே இருந்தது சிறு கூட்டம்தான். பிறகு ஆண்டுக்கு ஆண்டு பெருகி, இன்று ஓர் இலையுதிர்காலத்தில் பத்தாயிரத்தை ஒட்டிய குட்டிகள் பிறக்கின்றன. ஐரோப்பாவின் மிகப்பெரிய கூட்டங்களில் ஒன்று அது. மென்மையான சரிவு, வேண்டிய மட்டும் இடம், மணல்மேடுகளுக்குப் பின்னால் புயலிலிருந்து மறைவு. இளந்தாய்கள் வேறென்ன தேடுவார்கள்?

ஸ்காட்லாந்தின் கிழக்கே ஃபோர்த் கழிமுகத்தின் வாயிலில் இருக்கும் மே தீவும் இப்படித்தான். அங்கே கூட்டம் வேரூன்றியது 1970களின் கடைசியில். அதற்குச் சற்று முன் ஃபார்ன் தீவுகளில், கூட்டம் அளவுமீறிப் பெருகி மண்ணைக் கெடுக்கிறது என்று சொல்லித் தாய்களையும் குட்டிகளையும் சுட்டுக் குறைத்தார்கள். அங்கே கலைக்கப்பட்டவற்றில் பல மே தீவைப் பிடித்துக்கொண்டன. இன்று மே தீவில் ஆண்டுக்கு இரண்டாயிரம் குட்டிகள் அளவில் பிறக்கின்றன; ஃபார்ன் தீவுகளிலும் எண்ணிக்கை மீண்டு 2019இல் இரண்டாயிரத்து எண்ணூறைத் தாண்டியது. ஓரிடத்தில் குறைத்தால் இனம் குறையும் என்று போட்ட கணக்கு அப்படித் தப்பிப்போனது. ஆண்டின் மற்ற மாதங்களிலோ இடம் மாறும் பழக்கம் இன்னும் அதிகம். முதுகு ரோமத்தில் ஒட்டிய செயற்கைக்கோள் கருவிகள் காட்டுவது என்னவென்றால், கோடையில் ஓர் இடத்தில் இரை தேடும் பெண்களில் கணிசமானவர்கள் குட்டி போட முற்றிலும் வேறு பகுதிக்குப் போகிறார்கள். ஒரு பாறையில் கோடையில் கிடக்கும் கூட்டத்தைப் பார்த்து இது இந்தத் தீவின் கூட்டம் என்று சொல்ல முடியாது.

இதிலிருந்து எண்ணும் முறைக்கு வரலாம். கடலில் இருக்கும் விலங்கை எண்ண வழியில்லை. கோடையில் கரையில் கிடப்பவற்றை எண்ணினால், அந்த நேரத்தில் மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் நீருக்கு வெளியே இருக்கும். ஆகவே எண்ணப்படுவது குட்டிகள். அவை கடலுக்குள் ஓட முடியாது. ஆனால் எல்லாக் குட்டியும் ஒரே நாளில் கரையில் இருப்பதில்லை. முதலில் பிறந்தவை போனபின் கடைசியில் பிறப்பவை வரும். ஒரே ஒருமுறை பறந்து எண்ணினால் கணிசமான அளவு விடுபடும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் கடல் பாலூட்டி ஆய்வுப் பிரிவினர் ஒவ்வொரு பெரிய கூட்டத்தின் மேலும் ஒரு பருவத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளிகளில் பலமுறை பறந்து படமெடுக்கிறார்கள். படத்தில் வெள்ளை ரோமத்தோடு இருப்பவை எத்தனை, அதை உதிர்த்துச் சாம்பல் நிறத்துக்கு மாறியவை எத்தனை என்று பிரித்து எண்ணி, பிறப்புகள் எப்படி ஏறி எப்படி இறங்கின என்ற வளைகோட்டை வரைகிறார்கள். அதிலிருந்து அந்த ஆண்டின் மொத்தப் பிறப்பு வருகிறது. பிறப்பிலிருந்து தாய்கள், தாய்களிலிருந்து முழுக் கூட்டம். ஃபார்ன் தீவுகளில் இன்னொரு எளிய முறை நெடுங்காலம் இருந்தது: காவலர்கள் சில நாளுக்கு ஒருமுறை படகில் போய், புதிதாகப் பிறந்த ஒவ்வொரு குட்டியின் மேலும் தீங்கில்லாத சாயத்தைத் தெளிப்பார்கள். ஒவ்வொரு முறையும் வேறு நிறம். இரட்டை எண்ணல் இல்லை. வேல்ஸ், அயர்லாந்து போன்ற இடங்களில் கடற்குகைக்குள் பிறப்பவை வானிலிருந்து தெரியாது. அலை அனுமதிக்கும் நாளில் சிறு படகில் குகைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இப்படி எண்ணியதில் 2019இல் பிரிட்டனில் பிறந்த குட்டிகள் ஏறத்தாழ 68,000. முழுக்கூட்டம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்; உலகின் சாம்பல் கடல்நாய்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் என்று கணிக்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில். மேற்குத் தீவுகளிலும், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளிலும் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இப்போது பெருகுவது வட கடலோரக் கூட்டங்கள்தான்.

நூறாண்டுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. எண்ணெய்க்கும் தோலுக்கும் இவற்றை இலையுதிர்காலத்தில் தீவு தீவாகப் போய்த் தடியால் அடித்துக் கொன்றார்கள். தாயும் குட்டியும் நிலத்தில் ஓட முடியாத நாள்களைப் பார்த்தே போனார்கள். 1914இல் பிரிட்டன் நாடாளுமன்றம் சாம்பல் கடல்நாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதிவரை கொல்லத் தடை விதித்தபோது, ஐந்நூறுதான் மிஞ்சியிருக்கின்றன என்று பேசப்பட்டது. அது மிகக் குறைந்த மதிப்பீடு என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தத் தவறான எண் செய்த நன்மை பெரியது. 1932இல் தடைக்காலம் செப்டம்பர் முதல் நீட்டப்பட்டது. 1970இல் இன்னொரு சட்டம். 1978இல் ஆர்க்னியில் பெருந்தொகையாகக் கொல்ல அரசு வகுத்த திட்டத்தை மக்கள் எதிர்ப்பு நிறுத்தியது. மீன்வளத்தைக் காக்கவென்று உரிமம் பெற்றுச் சுடும் வழக்கம் ஸ்காட்லாந்தில் 2021 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தது.

மீட்சியின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அட்லாண்டிக்கின் மறுகரைக்குப் போக வேண்டும். நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால், பிறைநிலாபோல் வளைந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒல்லியான மணல்திட்டு சேபிள் தீவு. 1960களின் தொடக்கத்தில் அங்கே பிறந்தவை சில நூறு. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டிய வேகத்தில் பெருகி, 2016இல் பிறப்பு எண்பதாயிரத்தைத் தாண்டியது. உலகிலேயே மிகப்பெரிய சாம்பல் கடல்நாய்க் கூட்டம் அதுதான். இப்போது வளர்ச்சி தளர்ந்துவிட்டது. எப்படித் தளர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: தாய்கள் பெறுவதை நிறுத்துவதில்லை. கடலில் முதல் ஆண்டைக் கடக்கும் குட்டிகள் குறைகின்றன. இரைக்கான போட்டியில் முதலில் தோற்பது அனுபவமில்லாத இளசுகள். இது பிரிட்டனிலும் கண்ட உண்மை. சேபிளில் இடம் நெருங்க நெருங்கச் சில பெண்கள் தெற்கே போய் அமெரிக்காவின் மஸ்கெகெட் போன்ற தீவுகளில் குடியேறினார்கள். கடல்நாய்த் தலைக்கு 1962வரை அரசே பரிசுப் பணம் கொடுத்துவந்த மாசசூசெட்ஸ் கடற்கரை அது. அவற்றைத் தொடர்ந்து வெள்ளைச் சுறாக்களும் அங்கே திரும்பியிருக்கின்றன.

பால்டிக் கதை கசப்பானது. 1900 வாக்கில் ஒரு லட்சம் அளவில் இருந்தவை, தலைக்குப் பணம் வைத்து நடந்த வேட்டையாலும், பிறகு பிசிபி, டிடிடி போன்ற நச்சுகள் கருப்பைகளை அடைத்து மலடாக்கியதாலும் 1970களில் சில ஆயிரமாகச் சுருங்கின. நச்சுகள் தடை செய்யப்பட்ட பின் மெல்ல மீண்டு, இன்று நேரில் எண்ணப்படுபவையே நாற்பதாயிரத்துக்கும் மேல்.

இவை பெருகினால் மீன் என்ன ஆகும் என்ற கேள்வியும் நியாயமானதே. மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஒரு கடல்நாய் நாளுக்கு நான்கைந்து கிலோ மீன் தின்னும். மணலுக்குள் புதைந்து வாழும் சிறு விலாங்கு போன்ற மணல்மீன்கள் பிரிட்டனைச் சுற்றி முக்கிய இரை. காட் மீனும் தட்டைமீன்களும் அடுத்து. தெற்கு செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் மனிதர்கள் அளவுமீறிப் பிடித்து அழித்த காட் மீன் கூட்டம், மீன்பிடி நின்ற பிறகும் எழ முடியாமல் இருப்பதற்குச் சாம்பல் கடல்நாய்கள் ஒரு பெரிய காரணம் என்று கனடா ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த ஆய்வை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதை எல்லாக் கடலுக்கும் பொதுவாக்குவதை ஏற்க முடியாது. நலிந்துபோன மீன்கூட்டத்தின் மேல் விழும் பாரமும் வலுவான கூட்டத்தின் மேல் விழும் பாரமும் ஒன்றல்ல.

இரை தேடும் திறனைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமாக எழுபது மீட்டருக்குள்ளும், தேவைப்பட்டால் முந்நூறு மீட்டர்வரையும் மூழ்கும். மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்காது, வெளியே விட்டுவிட்டு மூழ்கும். பிராணவாயு நுரையீரலில் இல்லை, இரத்தத்திலும் தசையிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது. மேலே நூறுக்கும் மேல் துடிக்கும் இதயம் நீண்ட முக்குளிப்பில் நிமிடத்துக்கு நான்கு துடிப்புவரை இறங்கியது பதிவாகியிருக்கிறது. குரலிலும் வல்லவை: செயின்ட் ஆண்ட்ரூஸில் பழக்கப்பட்ட மூன்று இளம் கடல்நாய்கள் மனிதப் பேச்சின் உயிரொலிகளையும் எளிய மெட்டுகளையும் ஒலித்துக் காட்டின. இருட்டில் ஆளில்லாத தீவிலிருந்து எழும் அந்த ஊளையைக் கேட்ட ஆர்க்னி மக்கள், தோலைக் கழற்றிவிட்டு மனிதராகும் செல்கி கதைகளைச் சொன்னதில் வியப்பில்லை.

கொடுமையான பக்கமும் உண்டு. உடம்பைச் சுற்றித் திருகுபோல் தோல் கிழிந்த கடல்நாய்ச் சடலங்கள் பிரிட்டன் கரைகளில் ஒதுங்கியபோது, கப்பல் சுழலிகளே காரணம் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 2014 டிசம்பரில் மே தீவில் ஒரு வளர்ந்த ஆண் அடுத்தடுத்த நாள்களில் பால் மறந்த குட்டிகளைக் கொன்று தின்றதை ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்தார்கள். காயங்கள் அச்சு அசலாக அதே திருகு வடிவம். புயலும் எதிரி: 2021 நவம்பரில் ஆர்வென் புயல் தென்கிழக்கு ஸ்காட்லாந்தின் ஒரு கரைப்பகுதியில் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட குட்டிகளைக் கொண்டுபோனது. மோனாக் போன்ற தாழ்ந்த தீவுகளை நம்பிக் கூட்டம் பெருகியிருக்கும் நிலையில், கடல் உயர்ந்து புயல் வலுத்தால் அங்கே என்ன ஆகும் என்பதே எனக்கு உள்ள பெரிய கவலை. ஒருவேளை வடக்கு ரோனாவின் செங்குத்து மேடுகள் மீண்டும் தேவைப்படும் காலம் வரலாம்.

கடைசியாக, தாய் விட்டுப்போன குட்டி. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு அது தனியாகக் கிடப்பதுதான் இயல்பு. வெள்ளை ரோமம் உதிர்ந்து, அடியிலிருந்து புள்ளியிட்ட கடல்ரோமம் தெரியும். இரண்டு வாரம் முதல் நான்கு வாரம்வரை, சில சமயம் இன்னும் அதிகமாக, எதுவும் தின்னாமல் தாயின் கொழுப்பிலேயே வாழும். எடையில் கால் பங்கு குறையும். அந்தக் காலம் வீணல்ல. மூழ்கத் தேவையான இரத்தமும் தசையும் அப்போதுதான் முதிர்கின்றன. குட்டைகளில் இறங்கி முகத்தை நீருக்குள் வைத்துப் பழகும். கொழுத்து, கண் தெளிவாக, யாரையும் கண்டு சீறும் குட்டி நலமாகவே இருக்கிறது. அதைத் தொடவோ, நனைக்கவோ, கடலுக்குள் தள்ளவோ கூடாது. கழுத்து தெரிய மெலிந்து, காயத்தோடு, வெள்ளை ரோமம் மாறாமல் தாயில்லாமல் கிடந்தால் மட்டும் தூரத்தில் நின்றுகொண்டு அப்பகுதி விலங்கு மீட்புப் பணியாளர்களை அழைக்க வேண்டும். கிட்டே போகக் கூடாது; அது கடித்த புண்ணில் கிருமி தொற்றக்கூடும்.

எல்லாம் பிழைப்பதில்லை. கரையிலேயே சில, முதல் குளிர்காலக் கடலில் பல; பெண் குட்டிகளைவிட ஆண் குட்டிகள் அதிகம் இறக்கின்றன, கொழுத்தவற்றைவிட மெலிந்தவை அதிகம். ஆனாலும் 1950களில் ஃபார்ன் தீவுகளில் அடையாள வில்லை மாட்டப்பட்ட குட்டிகள், நீந்தக்கூட யாரும் கற்றுத்தராமல், அந்தக் குளிர்காலத்திலேயே வட கடலைக் கடந்து நார்வே கரையில் கண்டெடுக்கப்பட்டன.